தரைமட்ட ஓசோன் பயிரின் விளைச்சலை எப்படிக் குறைக்கிறது?

கேள்வி இதுதான்: சூரியனின் புற ஊதாக் கதிர்களிலிருந்து நம்மைக் காப்பது ஓசோன் என்று பள்ளியில் படித்திருக்கிறோம், அதே ஓசோன் காற்று மாசாக மாறிப் பயிர்களின் வளர்ச்சியைக் கெடுக்கிறது என்கிறார்களே, அது எப்படி நடக்கிறது, எந்த அளவுக்கு நடக்கிறது, விவசாயி அதைக் கண்ணால் பார்த்து அறிய முடியுமா?

கடைசிப் பகுதிக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான வயல்களில் பார்த்து அறிய முடியாது. இந்த மாசு செய்யும் கேட்டில் பெரும்பகுதி, பயிர் பசுமையாக நிற்கும்போதே நடந்து முடிந்துவிடுகிறது. பூச்சி தாக்கினால் தின்ற தடயம் இருக்கும். நோய் வந்தால் கருகல் தெரியும். ஓசோனால் ஏற்படும் இழப்போ, களத்தில் நெல்லையோ கோதுமையையோ அளக்கும்போது சில மூட்டைகள் குறைவதாக மட்டுமே வெளிப்படுகிறது. பக்கத்து வயலுக்கும் அதே காற்றுதான் என்பதால், ஒப்பிட்டுப் பார்க்கத் தூய காற்றில் வளர்ந்த வயல் ஒன்றும் அந்த ஊரில் இருக்காது. இத்தனை ஆண்டுகளாக இது பொதுப்பேச்சுக்கு வராமல் போனதற்கு இதுவே முதன்மைக் காரணம் என்று கருதுகிறேன்.

வளிமண்டலத்திலுள்ள ஓசோனில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு, தரையிலிருந்து பல கிலோமீட்டர் உயரத்தில், அடுக்கு மண்டலத்தில் இருக்கிறது. நாம் படித்த பாதுகாப்புப் படலம் அதுதான். மீதமுள்ள ஒரு பங்கு, நாமும் பயிர்களும் மூச்சுவிடும் கீழ்க்காற்றில் இருக்கிறது. மூலக்கூறு ஒன்றேதான், இருக்கும் இடம் மட்டுமே வேறு. ஓசோன் மிக வலிமையான ஆக்சிஜனேற்றி. தொடும் உயிர்த்திசுவை எல்லாம் வேதிவினைக்கு உட்படுத்தும் இயல்பு அதற்கு உண்டு. அந்த இயல்பு உயரத்தில் நமக்குத் தீங்கு செய்வதில்லை, தரையில் செய்கிறது.

தரைமட்ட ஓசோனை எந்தப் புகைபோக்கியும் நேரடியாக வெளியிடுவதில்லை. வாகன எஞ்சின்கள், அனல் மின்நிலையங்கள், தொழிற்சாலைகள் முதலியவற்றிலிருந்து வரும் நைட்ரஜன் ஆக்சைடுகளும், பெட்ரோல் ஆவி, கரைப்பான்கள், விறகு மற்றும் வைக்கோல் எரிப்பு, மரங்கள் ஆகியவற்றிலிருந்து வரும் ஆவியாகும் கரிமச் சேர்மங்களும் வெயிலில் வினைபுரியும்போது அது காற்றிலேயே உருவாகிறது. வெயில் பட்டு நைட்ரஜன் டைஆக்சைடு பிளக்கும்போது விடுபடும் ஆக்சிஜன் அணு, காற்றிலுள்ள ஆக்சிஜன் மூலக்கூறோடு சேர்ந்து ஓசோனாகிறது. வாகனப் புகையில் புதிதாக வரும் நைட்ரிக் ஆக்சைடோ ஓசோனை உடனே அழித்துவிடும். இதனால்தான் நெரிசல் மிகுந்த நகரச் சாலையில் ஓசோன் குறைவாகவும், அந்த நகரத்தின் புகை காற்றோடு நகர்ந்து சில மணி நேரம் வெயிலில் வெந்த பிறகு சென்றடையும் கிராமப்புறத்தில் அதிகமாகவும் இருக்கிறது. ஆகவே புகை விடுவது ஓரிடமும் விளைச்சல் இழப்பது வேறோரிடமுமாக அமைந்துவிடுகிறது. பயிர் நிற்கும் பகுதிகளே இந்த மாசு சேரும் பகுதிகளாக இருப்பது இந்த வேதியியலின் நேரடி விளைவு. இவற்றோடு மீத்தேனும் சேர்கிறது. அது மெதுவாக வினைபுரிவதால் ஒரு நாட்டோடு நிற்காமல் உலகம் முழுவதுமுள்ள பின்னணி ஓசோன் அளவையே உயர்த்துகிறது.

இனி இலைக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். இலையின் மேல்தோலை மூடியிருக்கும் மெழுகுப் படலத்தை ஓசோன் எளிதில் ஊடுருவுவதில்லை. அது உள்ளே போகும் வழி இலைத்துளைதான். ஒளிச்சேர்க்கைக்காகக் கார்பன் டைஆக்சைடை உள்வாங்கச் செடி பகலில் இலைத்துளைகளைத் திறந்தே ஆகவேண்டும். ஓசோன் உச்சத்தில் இருப்பதும் அதே பகற்பொழுதில்தான். உள்ளே நுழைந்த ஓசோன், செல்சுவர்களைச் சூழ்ந்திருக்கும் ஈரத்தில் கரைந்து, சூப்பர் ஆக்சைடு, ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற தீவிரமான ஆக்சிஜன் சேர்மங்களாக மாறுகிறது. அவற்றைத் தடுக்கச் செடியிடம் உள்ள முதல் காப்பு, செல்சுவரில் இருக்கும் வைட்டமின் சி, அதாவது அஸ்கார்பிக் அமிலம். ஓசோன் வரவு குறைவாக இருந்தால் இந்தக் காப்பே போதுமானது. வரவு மிகுந்தால் செல்சவ்வுகள் சேதமடைகின்றன. சில செல்கள் தாமாகவே மடியும் நிலைக்குத் தள்ளப்படுகின்றன.

அளவு மிக அதிகமாக இருக்கும் சில நாட்களில் இலையில் புள்ளிகள் தோன்றும். ஆனால் விளைச்சலைத் தீர்மானிப்பது அந்தப் புள்ளிகள் அல்ல. வாரக்கணக்கில் தினமும் சிறிது சிறிதாக உள்ளே போகும் ஓசோன்தான். அந்த நிலையில் கார்பனை நிலைநிறுத்தும் ரூபிஸ்கோ நொதியின் அளவு இலையில் குறைகிறது, ஒளிச்சேர்க்கை தளர்கிறது, இலை உரிய காலத்துக்கு முன்பே முதிர்ந்து மஞ்சளாகிறது. தயாரித்த சர்க்கரையிலும் ஒரு பங்கு, சேதத்தைச் சரிசெய்யவும் காப்புப் பொருட்களைத் திரும்பத் தயாரிக்கவும் செலவாகிவிடுகிறது. எஞ்சியதை இலையிலிருந்து மற்றப் பாகங்களுக்கு ஏற்றி அனுப்பும் வேலையும் பாதிக்கப்படுகிறது. இலைக்குத் தொலைவில் இருக்கும் வேர்தான் முதலில் பட்டினி கிடக்கும். வேர் சுருங்கினால் நீரும் சத்தும் எடுக்கும் திறன் குறையும். பயறு வகைகளிலும் நிலக்கடலையிலும் சோயாவிலும் வேர்முடிச்சுகளுக்குப் போகும் சர்க்கரை குறைந்து, நைட்ரஜனைச் சேர்க்கும் பணியே தளர்ந்துவிடும். மேலே நிற்கும் தழை பார்ப்பதற்கு நன்றாக இருக்கும்போதே இவ்வளவும் நடந்துகொண்டிருக்கும்.

தானியப் பயிர்களில் இது எந்தப் பருவத்தில் தாக்குகிறது என்பது மிக முக்கியம். கதிருக்குக் கீழே கடைசியாக வரும் இலையை, நெல் விவசாயிகள் கண்ணாடி இலை என்று சொல்வார்களே, அதுவே மணிக்குள் சேரும் மாவுச்சத்தில் பெரும்பங்கைத் தயாரித்துக் கொடுக்கிறது. கோதுமையில் அந்த இலை முன்கூட்டியே முதிர்ந்தால், பால் பிடித்து மணி முற்றும் காலம் சுருங்குகிறது, மணிகள் சிறுத்துப்போகின்றன. அப்படிப்பட்ட மணியில் புரதத்தின் விகிதம் சற்றுக் கூடுதலாகத் தெரிவதுண்டு. மாவுச்சத்து குறைந்ததால் வந்த உயர்வு அது, ஏக்கருக்குக் கிடைக்கும் மொத்தப் புரதம் குறையவே செய்கிறது.

அறிகுறி தெரியும் அளவுக்குப் போன பயிரில் என்ன பார்க்கலாம் என்பதையும் சொல்லவேண்டும், ஏனென்றால் இதை வேறொன்றாக எண்ணி மருந்தடித்துவிடுவது எளிது. அவரை, பீன்ஸ், பருத்தி போன்ற அகன்ற இலைப் பயிர்களில், முதிர்ந்த இலைகளின் மேற்பக்கத்தில், குண்டூசி முனை அளவில் பழுப்பாகவோ ஊதா கலந்த கருமையாகவோ புள்ளிகள் இறைந்திருக்கும். அவை நரம்புகளின் மேல் விழாமல் நரம்புகளுக்கு இடைப்பட்ட பரப்பில் மட்டுமே இருக்கும். சிறு நரம்புகள்கூடப் பச்சைக் கோடுகளாகத் தப்பி நிற்கும். ஓர் இலையின் மேல் இன்னோர் இலை படிந்து நிழலிட்டிருந்தால், அந்த நிழல் விழுந்த பகுதி மட்டும் புள்ளியில்லாமல் இருக்கும். இலையைத் திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கம் பெரும்பாலும் இயல்பாக இருக்கும். செம்பேன் தாக்குதலாக இருந்தால் அடிப்பக்கத்தில் பேன்களும் மெல்லிய நூலாம்படையும் தென்படும். சாம்பல் சத்துக் குறைவாக இருந்தால் கருகல் இலையின் ஓரத்திலிருந்து தொடங்கும். நெல்லிலும் கோதுமையிலும் மூத்த இலைகளில் செம்பழுப்பு நிறச் சிறுபுள்ளிகளாகத் தெரிவதால், துத்தநாகக் குறைபாட்டோடு குழப்பிக்கொள்ள நிறைய வாய்ப்பு உண்டு. இலையைப் பார்த்து மட்டும் முடிவுக்கு வருவதை எந்த வல்லுநரும் ஏற்கமாட்டார். அந்த வாரங்களில் காற்றில் ஓசோன் எவ்வளவு இருந்தது என்ற அளவீடும் வேண்டும்.

இந்த அறிவு தொடங்கிய இடம் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ். 1940களின் நடுவில் அந்த நகரைச் சுற்றியிருந்த கீரைத் தோட்டங்களில் இலைகள் வெள்ளி பூசியதுபோல் பளபளத்தும் வெண்கல நிறமாக மாறியும் கெட்டன. கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் அன்னாசியின் மணத்தை ஆராய்ந்துகொண்டிருந்த ஏரி ஹாகன்-ஸ்மித் என்ற டச்சு வேதியியலாளர் இதில் இறங்கினார். பெட்ரோல் ஆவி போன்ற ஹைட்ரோகார்பன்களும் நைட்ரஜன் ஆக்சைடும் வெயிலில் சேர்ந்தால் ஓசோன் உண்டாகும் என்பதை 1950களின் தொடக்கத்தில் அவர் நிறுவினார்; வளைத்துக் கட்டிய ரப்பர் பட்டையில் விழும் வெடிப்பைக்கொண்டே ஓசோனை அளந்த காலம் அது. கலிபோர்னியாவின் திராட்சை இலைப் புள்ளிகளுக்கு ஓசோனே காரணம் என்பது 1958லும், அமெரிக்கக் கிழக்குப் பகுதியில் புகையிலை இலையை நாசமாக்கிய வெண்புள்ளிகளுக்கும் அதுவே காரணம் என்பது 1959லும் வெளியாயின. பெல்-டபிள்யூ3 என்ற புகையிலை ரகம் ஓசோனை எளிதில் காட்டிக்கொடுப்பதால், காட்டிச் செடியாக உலகெங்கும் நடப்பட்டது.

விளைச்சல் இழப்பை எண்ணிக்கையாகச் சொல்ல வேறுவகைச் சோதனை தேவைப்பட்டது. 1980களில் அமெரிக்காவில் தேசிய பயிர் இழப்பு மதிப்பீட்டு வலையமைப்பு என்ற திட்டம், வயலிலேயே மேற்புறம் திறந்த பிளாஸ்டிக் அறைகளை நிறுவியது. சிலவற்றுக்குள் கரித்தூள் வடிகட்டி வழியாகத் தூய காற்றும், சிலவற்றுக்குள் ஊர்க்காற்றும், சிலவற்றுக்குள் கூடுதல் ஓசோன் கலந்த காற்றும் ஊதப்பட்டன. சோயா, பருத்தி, நிலக்கடலை, கோதுமை, சோளவகைகள் எனப் பல பயிர்களில், எவ்வளவு ஓசோனுக்கு எவ்வளவு இழப்பு என்ற வளைகோடுகள் இப்படித்தான் கிடைத்தன. அறைக்குள் வெப்பமும் காற்றோட்டமும் மாறுமே என்ற நியாயமான ஐயத்துக்கு இல்லினாய் பல்கலைக்கழகத்தின் சோய்ஃபேஸ் வயல் பதில் சொன்னது. அங்கே சுவரே இல்லை. பயிரைச் சுற்றி வளையமாகக் குழாய் அமைத்து, காற்று வீசும் திசையைப் பார்த்து ஓசோனை விடுவார்கள். 2002, 2003 ஆகிய இரு பருவங்களில் ஓசோனை ஊர்க்காற்றைவிட ஏறத்தாழ 23 விழுக்காடு மட்டும் உயர்த்தியபோது சோயா விளைச்சல் சராசரியாக 20 விழுக்காடு குறைந்தது. அறைச் சோதனைகள் இழப்பை மிகைப்படுத்துகின்றன என்று சொல்லிவந்தவர்களுக்கு இது வலுவான மறுப்பாக அமைந்தது.

எல்லாப் பயிரும் ஒரே மாதிரி பாதிக்கப்படுவதில்லை. கோதுமை, சோயா, பயறு வகைகள், பருத்தி ஆகியவை மிக எளிதில் பாதிக்கப்படுபவை. நெல், மக்காச்சோளம், உருளைக்கிழங்கு, தக்காளி ஆகியவை இடைநிலை. பார்லி ஓரளவு தாங்கும். 2000ஆம் ஆண்டின் ஓசோன் அளவைக் கொண்டு கணித்த ஒரு புகழ்பெற்ற மதிப்பீடு, உலக அளவில் கோதுமையில் 7 முதல் 12 விழுக்காடும், சோயாவில் 6 முதல் 16 விழுக்காடும், நெல்லில் 3 முதல் 4 விழுக்காடும், மக்காச்சோளத்தில் 3 முதல் 5 விழுக்காடும் இழப்பு என்றது. இந்த அகலமான இடைவெளி, ஓசோனை எந்த அளவுகோலால் அளக்கிறோம் என்பதைப் பொறுத்து வருவது. ஐரோப்பாவில் பரவலாகப் பயன்படும் ஏஓடி40 என்ற அளவுகோலை எடுத்துக்கொள்வோம். நூறு கோடிக்கு 40 பங்கு, அதாவது 40 பிபிபி என்ற எல்லைக்கு மேல் பகல் நேரத்தில் இருந்ததை மட்டும், மணிக்கு மணி, மூன்று மாதத்துக்குக் கூட்டுவார்கள். கூட்டுத்தொகை 3000ஐத் தொட்டால் கோதுமையில் சுமார் 5 விழுக்காடு இழப்பு. ஒரு நாளில் எட்டு மணி நேரம் 60 பிபிபி இருந்தால் அன்றைய கணக்கு 160. இப்படிப் பத்தொன்பது நாட்கள் போனால் எல்லை கடந்துவிடும். இந்த அளவுகோலின் குறை, காற்றில் இருந்ததைக் கணக்கிடுகிறதே தவிர இலைக்குள் போனதைக் கணக்கிடுவதில்லை என்பது. வெப்பம், ஈரப்பதம், மண்ணின் நீர் ஆகியவற்றைக்கொண்டு இலைத்துளை வழியாக எவ்வளவு நுழைந்தது என்று கணிக்கும் முறைகளே இப்போது நம்பகமானவையாகக் கருதப்படுகின்றன.

இந்தியாவில் இந்தச் சிக்கல் கூர்மையாகத் தெரியும் இடம் கங்கைச் சமவெளி. பஞ்சாப் முதல் பீகார் வரை நெருக்கமான நகரங்கள், அனல் மின்நிலையங்கள், செங்கல் சூளைகள், வாகனங்கள். வடக்கே இமயமலை அரணாக நிற்பதால் மாசு தேங்கும் நிலவமைப்பு. அங்கே நவம்பரில் விதைக்கும் கோதுமை, பிப்ரவரி மார்ச்சில் பால் பிடித்து முற்றுகிறது. வெயில் ஏறத் தொடங்கி ஓசோனும் ஏறும் காலம் அதுவே. கண்ணாடி இலை முழுவேகத்தில் உழைக்கவேண்டிய வாரங்களும் மாசு உயரும் வாரங்களும் இப்படி ஒன்றாகிவிடுகின்றன. மழைக்காலத்தில் மேகமும் கடற்காற்றும் ஓசோனைத் தணிப்பதால், அந்தப் பருவத்து நெல் இவ்வளவு அடிபடுவதில்லை. புனேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனத்தின் அறிவியலாளர்கள் பங்கேற்று 2014இல் வெளியான ஆய்வு, 2005ஆம் ஆண்டில் மட்டும் நாடு முழுவதும் சுமார் 35 லட்சம் டன் கோதுமையும் 21 லட்சம் டன் நெல்லும் ஓசோனால் இழக்கப்பட்டதாகக் கணித்தது. வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ள ஏறத்தாழ 9.4 கோடிப் பேருக்கு உணவாகக்கூடிய அளவு இது என்றும் அது குறிப்பிட்டது. விழுக்காட்டில் கோதுமைக்கு ஐந்து என்பது சிறியதாகத் தோன்றலாம். ரேஷன் கடை அரிசியையும் கோதுமையையும் நம்பி அடுப்பு எரியும் நாட்டில் அது சிறியதல்ல.

வாரணாசியில் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில் மேல்திறந்த அறைகளில் பல ஆண்டுகளாகக் கோதுமை, நெல், பாசிப்பயறு முதலியவற்றின் உள்ளூர் ரகங்களைச் சோதித்துவருகிறார்கள். எல்லைக்கு அப்பால், லாகூரில் 1990களில் நடந்த சோதனையில், வடிகட்டாத காற்றில் வளர்ந்த கோதுமை, வடிகட்டிய காற்றில் வளர்ந்ததைவிட மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைவாக விளைந்தது. வடிகட்டி ஓசோனோடு வேறு வாயுக்களையும் நீக்கியிருக்கும் என்பதால் முழு இழப்பையும் ஓசோன் தலையில் கட்ட முடியாது. சீனாவில் நிலைமை இன்னும் கடுமை: 2022இல் வெளியான மதிப்பீடு, அங்கே கோதுமையில் 33, நெல்லில் 23, மக்காச்சோளத்தில் 9 விழுக்காடு இழப்பு என்றது. முன்பு நினைத்ததைவிட நெல்லும் எளிதில் பாதிக்கப்படுகிறது, குறிப்பாகக் கலப்பின ரகங்கள் பாதிக்கப்படுகின்றன என்று இது உணர்த்துவதால், நெல்லையே பெரிதும் நம்பியிருக்கும் நாமும் இதைக் கவனத்தோடு படிக்கவேண்டியிருக்கிறது.

என்னை மிகவும் உறுத்தும் உண்மை ஒன்று உண்டு. வாடிய பயிர் இலைத்துளையை மூடிக்கொள்வதால் ஓசோன் அதற்குள் குறைவாகவே போகிறது. வேளைக்கு நீர் பாய்ச்சிச் செழிப்பாக வைத்திருக்கும் பயிரோ துளைகளை அகலத் திறந்து ஓசோனையும் சேர்த்தே உள்வாங்குகிறது. கூடுதல் விளைச்சலுக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்ட புதிய கோதுமை ரகங்கள் பல, பழைய ரகங்களைவிட வேகமாக வாயுப் பரிமாற்றம் செய்வதால் ஓசோனாலும் அதிகம் பாதிக்கப்படுவதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நல்ல விதை வாங்கி, தண்ணீரும் உரமும் குறைவில்லாமல் கொடுத்து, எல்லாவற்றையும் சரியாகச் செய்த விவசாயியிடமிருந்தே இந்த மாசு அதிகம் பறிக்கிறது. தண்ணீரைக் குறைத்துப் பார்க்கலாமா என்று கேட்பவர்களுக்கு: வேண்டாம், வறட்சியால் வரும் இழப்பு இதைவிடப் பெரிது.

விவசாயி செய்யக்கூடியது என்ன என்று பார்த்தால், நேர்மையாகச் சொல்வதானால், மிகக் குறைவு. எத்திலீன்டையூரியா என்ற வேதிப்பொருளைத் தெளித்தோ வேரில் ஊற்றியோ ஓசோன் பாதிப்பைத் தடுக்க முடியும் என்பது 1978 முதல் தெரியும். ஆனால் அது ஆய்வாளர்கள் இழப்பை அளக்கப் பயன்படுத்தும் கருவியே தவிர, கடையில் வாங்கி வயலுக்கு அடிக்கும் மருந்தாக வரவில்லை. ரகத் தேர்வு நம்பிக்கை தரும் வழி. நிப்பான்பாரே என்ற ஜப்பானிய நெல்லையும், காசலத் என்ற இந்திய நெல்லையும் கலந்து நடந்த ஆய்வில், 8, 9ஆம் குரோமோசோம்களில் ஓசோனைத் தாங்கும் திறனோடு தொடர்புடைய பகுதிகள் 2008இல் கண்டறியப்பட்டன. நம் பழைய ரகங்களைச் சேமித்து வைத்திருப்பதன் பயன் இப்படி எதிர்பாராத இடங்களில் வெளிப்படுகிறது. ஆனாலும், புதிய ரகம் வெளியிடும் முன் நோய்க்கும் பூச்சிக்கும் வறட்சிக்கும் சோதிப்பதுபோல் ஓசோனுக்கும் சோதிப்பது இன்னும் வழக்கமாகவில்லை.

மூல காரணத்தைக் குறைப்பது அரசுகள் கையில் இருக்கிறது, அதிலும் ஒரு சிக்கல் உண்டு. நகரத்தில் நைட்ரஜன் ஆக்சைடை மட்டும் குறைத்தால், ஓசோனை அழிக்கும் நைட்ரிக் ஆக்சைடும் குறைந்து, நகருக்குள் ஓசோன் தற்காலிகமாக ஏறலாம். 2020 பொதுமுடக்கத்தின்போது பல நகரங்களில் நடந்தது இதுதான். ஆகவே ஆவியாகும் கரிமச் சேர்மங்களையும் சேர்த்தே குறைக்கவேண்டும். மீத்தேன் குறைப்பில் இப்படிப்பட்ட தயக்கத்துக்கே இடமில்லை. மீத்தேனையும் கரும்புகையையும் கட்டுப்படுத்தும் தெரிந்த நடவடிக்கைகளை உலகம் முழுவதும் எடுத்தால் ஆண்டுக்கு 5 கோடி டன்னுக்கு மேல் பயிர் இழப்பைத் தவிர்க்கலாம் என்று 2011இலேயே ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டமும் உலக வானிலையியல் அமைப்பும் சேர்ந்து மதிப்பிட்டன.

நம் நாட்டின் 2009ஆம் ஆண்டுக் காற்றுத்தர விதிகளில் ஓசோனுக்கு எட்டு மணி நேரச் சராசரியாகக் கனமீட்டருக்கு 100 மைக்ரோகிராம், ஒரு மணி நேரத்துக்கு 180 என்று எல்லை இருக்கிறது. பருவம் முழுவதும் பயிர் உள்வாங்குவதைக் கூட்டிக் கணக்கிடும் எல்லை எதுவும் அதில் இல்லை. அளக்கும் நிலையங்களும் பெரும்பாலும் நகரங்களில்தான் இருக்கின்றன. விலை உயர்ந்த கருவி இல்லாமலே வயலில் இதைச் சோதிக்கும் முறை ஒன்று பிற நாடுகளில் நடைமுறையில் இருக்கிறது. எஸ்156 என்ற பீன்ஸ் ரகம் ஓசோனுக்கு எளிதில் பணியும், ஆர்123 என்ற ரகம் தாங்கும்; தூய காற்றில் இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவு காய்க்கும். இரண்டையும் அருகருகே நட்டு, ஒரே நீர், ஒரே உரம் கொடுத்து, கடைசியில் காய்களை எடைபோட்டு ஒப்பிடுகிறார்கள். எஸ்156 காய்ப்பு எந்த அளவுக்குப் பின்தங்குகிறதோ அந்த அளவுக்கு அந்த ஊர்க்காற்றில் ஓசோன் தொல்லை இருக்கிறது என்று பொருள். நம் வேளாண் அறிவியல் நிலையங்கள் மாவட்டந்தோறும் இருக்கின்றன. நம் தட்பவெப்பத்துக்கு ஏற்ற இத்தகைய ரக இணைகளைப் பாசிப்பயறிலோ உளுந்திலோ தேர்ந்தெடுத்து அவற்றின் பண்ணைகளில் நட்டுப் பார்ப்பதற்கு ஒரு சென்ட் நிலமும் ஒரு தராசும் போதும்.